தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்கிறதா? இரும்புக் கல், வாணலி: கோளாறுகளும் கைவைத்தியமும்

பள்ளிக்கூட வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிற நேரம் பார்த்துத்தான் தோசை கல்லோடு ஒட்டிக்கொள்ளும். நேற்றுவரை காகிதம் மாதிரி எழும்பி வந்த அதே கல், அதே மாவு. முதலில் கல்லைத் திட்டுவோம், அப்புறம் மாவைத் திட்டுவோம், கடைசியில் "இந்த இரும்புச் சனியனே வேண்டாம்" என்று நான்ஸ்டிக் வாங்கக் கிளம்பிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். கோளாறு பெரும்பாலும் இரும்பில் இருக்காது. சூட்டில் இருக்கும், ஈரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் நம் அவசரத்தில் இருக்கும். எதில் என்பதைக் கல்லே காட்டிக்கொடுக்கும்.

கீழே எழுதியிருப்பது தோசைக்கல், ஆப்பச்சட்டி, பணியாரச்சட்டி, வாணலி எல்லாவற்றுக்கும் பொதுதான். வாணலியை உங்கள் ஊரில் வடைச்சட்டி, இலுப்பச்சட்டி, சீனச்சட்டி, யாழ்ப்பாணமானால் தாச்சி, எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே வைத்துப் படியுங்கள். (இலுப்பச்சட்டிக்கும் இலுப்பை மரத்துக்கும் சம்பந்தமில்லை. இருப்புச்சட்டி, அதாவது இரும்புச்சட்டி, வாயில் உருண்டு உருண்டு அப்படி ஆகிவிட்டது.)

வைத்தியத்துக்கு முன் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்: உங்களிடம் இருப்பது தகட்டுக் கல்லா, வார்ப்பா? தகட்டுக் கல் ஒரே கனமாக, வழவழப்பாக இருக்கும். சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும். வார்ப்பிரும்பு தூக்கினாலே தெரியும். மேற்பரப்பில் மணல் பொறித்த மாதிரி சொரசொரப்பு இருக்கும். மெதுவாகக் காயும், காய்ந்தபின் சூட்டை விடாது. தகடு வளையும், உடையாது. வார்ப்பு வளையாது, உடையும். பாதி வைத்தியம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வருகிறது

கல் அதிகமாகக் காய்ந்துவிட்டது. வேறு காரணம் தேட வேண்டாம். மாவு விழுந்த நொடியே அடிப்பாகம் வெந்து கெட்டியாகிவிடுவதால், கரண்டியைச் சுற்றும்போது மேல்மாவு அதையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

சூடு பார்க்கத் தண்ணீர் தெளிப்போமே, அதைச் சத்தத்துக்காக மட்டும் செய்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். சொட்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். சோம்பலாகக் கொதித்துக்கொண்டு கிடந்தால் கல் இன்னும் காயவில்லை. 'சுர்' என்று ஒன்றிரண்டு நொடியில் மறைந்தால் மாவு ஊற்றலாம். மறையாமல், முத்து மாதிரி உருண்டு கல் முழுக்க ஓடி விளையாடினால் சூடு எல்லை தாண்டிவிட்டது. அந்த முத்து கல்லைத் தொடவே இல்லை. தன் அடியில் எழும் ஆவி மெத்தையின் மேல் மிதக்கிறது. 1756இல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பார்த்து இதை எழுதிவைத்தார். விஞ்ஞானத்தில் இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கல்லின் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தொடும்போது இந்த ஆட்டம் தொடங்கும்.

ஓட்டல் மாஸ்டர் ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் ஒரு குவளைத் தண்ணீரைக் கல்லில் வீசித் துடைப்பத்தால் தள்ளுவதும் இதற்காகத்தான். சுத்தம் செய்வது இரண்டாம் பட்சம். முதல் வேலை சூட்டை இறக்குவது. வீட்டில் அவ்வளவு வேண்டாம். தீயைக் குறைத்து, ஒரு கைத் தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் தேய்த்து, மாவைப் பரப்பியபின் தீயை ஏற்றுங்கள். வார்ப்புக் கல்லில் மட்டும் கவனம் தேவை. அதில் தெளிக்கலாம், கொட்டக் கூடாது. ஏன் என்பது கடைசியில் வரும்.

தோசை ஒட்டுகிறது, பிய்ந்து வருகிறது

இதற்கு ஒரே காரணம் கிடையாது. முந்தைய நாள் அந்தக் கல்லில் என்ன நடந்தது என்று கேளுங்கள். துப்பறிய வேண்டியது அங்கிருந்துதான்.

முந்தைய இரவு சப்பாத்தி போட்டீர்களா? அப்படியானால் குற்றவாளி கிடைத்தாயிற்று. சப்பாத்திக்குக் கல் வறண்டு, தோசைக்கு வேண்டியதைவிட அதிகமாகக் காய்கிறது. தேய்த்த வரமாவு உதிர்ந்து கருகி, கல்லின் நுண்குழிகளில் உட்கார்ந்துகொள்கிறது. மேலே இருந்த எண்ணெய்ப் பசையும் உலர்ந்துபோகிறது. "சப்பாத்திக்கு வேறு கல், தோசைக்கு வேறு கல்" என்று பாட்டிமார் பிரித்து வைத்ததை மடி ஆசாரக் கணக்கில் சேர்த்து நான் பல வருஷம் சிரித்திருக்கிறேன். இப்போது என் வீட்டில் இரண்டு கல். ஒரே கல்தான் என்றால், சப்பாத்தி முடிந்ததும் சூடு இருக்கும்போதே துணியால் கருகல் மாவைத் துடைத்துவிட்டு, கால் கரண்டி எண்ணெய் தடவி வையுங்கள். காலையில் முதல் தோசைக்கு முன் வெங்காயம் போட்டு வதக்கி எடுத்தால் கல் வழிக்கு வந்துவிடும்.

யாராவது கல்லைத் தேய்த்துக் கழுவினார்களா? இந்தப் பாவத்தை நானே செய்திருக்கிறேன். அத்தை ஊருக்குப் போயிருந்த நேரம், உதவி செய்வதாக நினைத்து, அவர் கல்லைக் கம்பி நாரும் சோப்புத் தூளும் போட்டுப் பளபளவென்று வெள்ளி மாதிரி ஆக்கி வைத்தேன். வந்தவர் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ஏன்டி, கல்லைக் குளிப்பாட்டிட்டியா?" அதற்குப் பிறகு இரண்டு வாரம் எங்கள் வீட்டில் உதிர்ந்த தோசைதான்.

நான் சுரண்டி எடுத்தது அழுக்கு இல்லை. சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, இரும்பின் மேல் கெட்டியான, வழுக்கலான ஒரு படலமாகப் படிகின்றன. வெறும் எண்ணெயைப் போல அது துடைத்தால் போகாது. வருஷக்கணக்கில் மேலே மேலே படிந்து கறுப்பாக மினுக்கும். அதைத்தான் 'பழகின கல்' என்கிறோம். பாத்திரம் கழுவும் திரவத்தை மெதுவான நாரில் தொட்டு எப்போதாவது கழுவினால் படலம் போய்விடாது. அந்தப் பயம் கொஞ்சம் மிகை. கம்பி நாரும், இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைப்பதும்தான் எமன்.

புதுக் கல்லா? கடையிலிருந்து வரும்போது துருப்பிடிக்காமல் இருக்க இயந்திர எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள். அதன்மேல் தோசை ஊற்றினால் ஒட்டுவதோடு நாற்றமும் வரும். புதுசுக்கு மட்டும் சோப்பு, நார், வெந்நீர் எல்லாம் போட்டு ஒருதரம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு சாதம் வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறட்டும்; கஞ்சியைத் தினமும் மாற்ற வேண்டும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் சுண்ட விடுங்கள்.

பழக்குவது இனிமேல்தான். கல் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு சின்னக் கரண்டி நல்லெண்ணெய் விட்டு, அடி, ஓரம், கைப்பிடி என்று எல்லா இடத்திலும் தேயுங்கள். தேய்த்த எண்ணெயை உலர்ந்த துணியால் திரும்பத் துடைத்து எடுத்துவிடுங்கள், எண்ணெய் தடவினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும்வரை. ஜன்னலைத் திறந்து வைத்து, புகை வந்து அடங்கும்வரை சூடேற்றி, ஆற விடுங்கள். இப்படி நாலைந்து தடவை. துடைக்கிற இடத்தில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். நிறைய எண்ணெய் விட்டால் நல்லது என்று நினைத்துக் குளம் கட்டிவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது. அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, லேசில் கைகோக்காது. நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ தேவலை.

இதெல்லாம் செய்தும் முதல் நாலு தோசை பிய்ந்துதான் வரும். காக்கைக்குப் போடுங்கள்.

மேலே சொன்ன எதுவும் இல்லை, நேற்று கல் நன்றாகத்தான் இருந்தது என்றால் மாவைப் பாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் குளிர்ந்த மாவு கல்லின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும், முக்கியமாகத் தகட்டுக் கல்லில். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். உளுந்து கூடிப்போனாலும் தோசை மெத்தென்று ஒட்டும். ஒரு கரண்டி அரிசிமாவு கலந்தால் சரியாகும். இன்னொன்று, பொறுமை. அடி சிவக்குமுன் தோசைத்திருப்பியை நுழைத்தால் எந்தக் கல்லிலும் பிய்யும். வெந்த தோசை தானே ஓரத்தைத் தூக்கிக் காட்டும்.

கல் பிசுபிசுக்கிறது

குளம் கட்டிய எண்ணெய் பாதி மட்டும் காய்ந்து பசையாக நிற்கிறது. வெறும் கல்லை மிதமான தீயில் கால் மணி நேரம் வைத்து, புகை அடங்கியதும் துடையுங்கள். இரண்டு தடவைக்கும் போகாவிட்டால் கல்லுப்பும் பழைய துணியும் வைத்துத் தேய்க்கலாம்.

கறுப்புச் செதில் உதிர்ந்து தோசையில் ஒட்டுகிறது

படலம் கனமாகி உரிகிறது. பழைய கருகல் மேலேயே எண்ணெய் பூசிக்கொண்டு போனால் இப்படி ஆகும். இந்த ஓர் இடத்தில் நான் கம்பி நாருக்குச் சம்மதிப்பேன். உரிவதையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, புதுக் கல்லுக்குச் சொன்னபடி மறுபடி பழக்குங்கள். அங்கங்கே ஒட்டுப்போடப் பார்த்தால் மேலும் உரியும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் கல் கண்ணாடி மாதிரி பளிச்சென்று வரும், ஆனால் அந்தப் பூச்சு செதில் செதிலாகக் கழன்றுவிடுவதும் உண்டு.

செம்பழுப்பாகத் துரு

கடலோர ஊர்க்காரர்களுக்கு இது தீராத வழக்கு. உப்புக்காற்றில் ஒரு ராத்திரி ஈரமாக வைத்தாலே போதும். பயந்து தூக்கிப்போட வேண்டாம். மேலோட்டமான துரு என்றால் கல்லுப்பு, புளி, தேங்காய் நார் போதும். ஆழமாகப் பிடித்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். மறந்துபோய் ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள். அமிலம் துருவை முடித்துவிட்டு இரும்பையும் அரிக்க ஆரம்பிக்கும். கழுவிய உடனே அடுப்பில் ஏற்றி உலர்த்துங்கள். துணியால் துடைத்தது போதாது. நுண்குழிகளில் நிற்கும் ஈரம் அடுப்புச் சூட்டில்தான் போகும். பிறகு மறுபடி பழக்க வேண்டியதுதான்.

இனி வராமல் இருக்க ஒரே வழி, கழுவினால் அடுப்பில் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் பூசி வைப்பது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் செய்தித்தாள் வையுங்கள்.

நடுவில் கருகல், ஓரத்தில் வெள்ளை

வார்ப்பிரும்பு சூட்டைச் சேமிப்பதில் கெட்டிக்காரன், பரப்புவதில் மந்தம். அலுமினியம் கடத்துகிற வெப்பத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் அது கடத்தும். பெரிய தீயில் வைத்தால் நெருப்பு படுகிற வட்டம் மட்டும் கொதிக்கும். சின்னத் தீயில் ஐந்து முதல் பத்து நிமிடம் காய விட்டால் ஓரம்வரை சூடு வந்து சேரும். இண்டக்‌ஷன் அடுப்பில் இந்தத் தொல்லை கூடுதல், ஏனென்றால் அடியில் இருக்கும் சுருள் கல்லைவிடச் சின்னது. நடுநடுவே கல்லைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தகட்டுக் கல் என்றால் சமதளத்தில் கவிழ்த்து வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள். தொட்டில் மாதிரி ஆடினால் தகடு வளைந்திருக்கிறது. வெறும் கல்லைப் பெரிய தீயில் காயவைத்துக் குழாயடியில் காட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரமே வரும். நடு குழிந்திருந்தால் எண்ணெய் அங்கே ஓடித் தேங்கும். முட்டைக்கு ஆகும், தோசைக்கு ஆகாது. பட்டறையில் கொடுத்தால் தட்டிச் சரிசெய்து தருவார்கள்.

குழம்பு கறுத்துவிட்டது, இரும்பு வாடை அடிக்கிறது

புளியும் தக்காளியும் இரும்பைக் கரைக்கும். கத்தரிக்காய், வாழைப்பூ, வாழைக்காயில் இருக்கும் துவர்ப்பு அந்த இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பழைய காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். அன்னபேதி இரும்பு உப்பு, கடுக்காய் சுத்தத் துவர்ப்பு. நீங்கள் வாணலியில் வாழைப்பூ வதக்கி அப்படியே மூடி வைத்தபோது செய்தது ஏறக்குறைய அதே மைதான். விஷமில்லை, பார்க்கத்தான் சகிக்காது. வற்றல் குழம்பை இரும்புச் சட்டியில் கொதிக்க வைப்பது ருசிதான், நான் மறுக்கவில்லை. அடுப்பை அணைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். நேரம் ஆக ஆகத்தான் வாடை ஏறும். பழகாத சட்டியில் புளி சேர்த்த எதையும் வைக்காதீர்கள். கஷ்டப்பட்டுப் படிய வைத்த படலத்தைப் புளி ஒரே நாளில் தின்றுவிடும்.

எண்ணெய் தெறிக்கிறது, புகைகிறது

தெறித்தால் அதற்குக் காரணம் தண்ணீர். கழுவிய வெண்டைக்காய், ஈரம் சொட்டும் கரண்டி, சரியாகத் துடைக்காத வாணலி. எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். மேலே இருக்கும் எண்ணெயைத் தூக்கி அடிக்காமல் என்ன செய்யும்? எண்ணெய் விடுவதற்கு முன் வாணலியைச் சூடேற்றி ஈரம் போக்குங்கள்.

கடுகு போட்டால் வெடிப்பது வேறு சங்கதி. அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஈரம் அது. அதைச் சூடு பார்க்கவே பயன்படுத்தலாம். ஒரு கடுகைப் போட்டு அது சும்மா கிடந்தால் எண்ணெய் காயவில்லை. கோபக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது என்கிறோமே, அதுவும் இதே வெப்பமானிதான். திட்டுவதற்கு நம்மிடம் இருக்கும் சொற்களில் பாதி வாணலியிலிருந்துதான் வந்திருக்கிறது. சமைக்கிறவர்களுக்கு அவற்றுக்குள் வித்தியாசமும் தெரியும். மேலாளர் 'வறுத்தெடுத்தார்' என்றால் சின்னத் தீயில் அரை மணி நேரம், ஒரு பக்கமும் விடாமல் புரட்டிப் புரட்டி. அம்மா 'பொரிந்து தள்ளினாள்' என்றால் கடுகு மாதிரி, படபடவென்று, அதோடு சரி. 'தாளித்துவிட்டார்' என்றால் எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஒரு நிமிடம், ஆனால் வாசனை தெருவரைக்கும்.

புகைக்கு வருவோம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரியிலேயே புகையும். சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 வரை தாங்கும், நெய் இன்னும் கொஞ்சம் தாங்கும். வடை பொரிக்கிற வாணலி புகைந்தால் உடனே தீயைக் குறையுங்கள். அதையும் தாண்டி எண்ணெய் தீப்பிடித்துவிட்டால், தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். முன்னே சொன்ன 1,700 மடங்குக் கணக்கு அங்கே நெருப்போடு சேர்ந்து கூரைவரை எழும்பும். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது. கேஸை அணையுங்கள், வாணலியைவிடப் பெரிய உலோகத் தட்டை ஓரமாகச் சரித்து மூடுங்கள், முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள்.

இரும்பை விட்டு நான்ஸ்டிக் வாங்கினேன், அதுவும் ஒட்டுகிறது

வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை. அதற்கு வைத்தியமே இல்லை. டெஃப்லான் 1938இல் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்பவர் கையில் தற்செயலாக அகப்பட்ட பொருள். ஒரு பொருளும் அதில் ஒட்டாது என்பதால் அதையே பாத்திரத்தில் ஒட்டவைப்பது பெரிய பாடாக இருந்தது. பூச்சு தேய்ந்துவிட்டால் வீட்டில் மறுபடி பூச முடியாது; பழக்குவது என்ற பேச்சே அங்கே கிடையாது. 260 டிகிரிக்கு மேல் அது கெடத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்துவிட்டு போன் பேசப் போனால் சில நிமிடத்தில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ரொம்பக் காய்ந்தால் வருகிற புகை கூண்டுப் பறவைகளைக் கொல்லும் அளவுக்குப் பொல்லாதது. வீட்டில் கிளியோ லவ் பேர்ட்ஸோ இருந்தால் இதை மறக்காதீர்கள். கீறல் விழுந்து உரிய ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள்.

கைப்பிடி சுடுகிறது

'சட்டி சுட்டது, கை விட்டது' என்ற பழமொழியை உறவு முறிவதற்குச் சொல்வார்கள். வார்ப்புக் கல் வாங்கியவர்களுக்கு அது நேரடி அனுபவம், கைப்பிடியும் அதே இரும்புதானே. ஈரத் துணியால் மட்டும் பிடிக்காதீர்கள். உலர்ந்த துணியில் இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். துணி ஈரமானால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு சூட்டை நேரே கைக்குக் கடத்திவிடும். தடித்த, உலர்ந்த துணியை நாலாக மடித்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் கை விடும், கல் தரையில் விழும். டைல்ஸ் உடையும் அல்லது கல் உடையும்.

விரிசல்

வார்ப்பிரும்பில் கரிச்சத்து 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அந்தக் கெட்டித்தன்மையே அதன் பலவீனமும். காய்ந்த வார்ப்பில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால், தண்ணீர் பட்ட இடம் சுருங்கும், படாத இடம் அப்படியே நிற்கும், நடுவில் பிளந்துவிடும். முதலில் தெளிக்கலாம், கொட்டக் கூடாது என்றது இதற்காகத்தான். மயிரிழை அளவு விரிசல் கண்ணில் படாது. கல்லை ஒரு விரலில் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு ஒலித்தால் நல்ல கல். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ பிளந்திருக்கிறது.

பிளந்த வார்ப்பைச் சமையலுக்கென்று பற்றவைத்து வாங்க நினைக்காதீர்கள். அடுத்த சூட்டில் அதே இடத்தில் விடும், அதுவும் எண்ணெயோடு. நான் மனசில்லாமல் ஒன்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். எடைபோட்டு, "நல்ல கனமான கல்லாச்சேம்மா" என்று அவரும் ஒருதரம் தட்டிப் பார்த்தார். பேரீச்சம்பழம் எல்லாம் இப்போது கொடுப்பதில்லை, காசுதான்.